கடலோர மணல் நிலத்துக்குத் தாழை வேலி: கன்று எடுக்கும்போதே ஆண், பெண் பார்க்க வேண்டும்

காரைக்கால் கடலோரத்தில் மணல் மேட்டுக்கும் நெல் வயலுக்கும் இடையே கிடக்கும் துண்டு நிலங்களில் வேலி போடுவது பெரிய பாடு. கிளுவையோ பூவரசோ போத்து நட்டால் துளிர்க்கத்தான் செய்கிறது. ஆனால் கடல் பார்த்த பக்கம் அடிக்கடி கருகிப் போகிறது. கிழக்கேயிருந்து வரும் காற்று உப்புத் திவலையைச் சுமந்து வந்து இளந்தளிரில் பூசிவிடுகிறது. கோடையில் மணலும் சேர்ந்து பறக்கிறது. முள் கம்பி கட்டினால் அதையும் உப்பு அரிக்கிறது. சில வருடங்களில் துரு ஏறி, கை பட்டாலே ஒடிகிறது. சிறு விவசாயி திரும்பத் திரும்பக் கம்பிக்குப் பணம் போட முடியுமா?

இந்த மாதிரி இடத்துக்கென்றே அமைந்த செடி தாழை. உப்புக் காற்று, வெறும் மணல், மழைக்காலத்தில் வேரில் தேங்கும் தண்ணீர், கோடைக் காய்ச்சல் ஆகிய நான்கையும் தாங்கும் செடிகள் அதிகம் இல்லை. வாய்க்கால் ஓரத்திலும் ஆற்று முகத்துவாரத்திலும் தானாகவே வளர்ந்து நிற்பதால் அதற்கு ஒரு மதிப்பும் இல்லாமல் போய்விட்டது. தூர் வாரும்போதும் கரை கட்டும்போதும் முதலில் வெட்டுப்படுவது தாழம்புதர்தான்.

வேலிக்காகவும் பூவுக்காகவும் தாழையை வீட்டுத் தோட்டத்திலோ கொல்லையிலோ நட்டவர்களிடம் ஒரு குறை பொதுவாகக் கேட்கும்: "நட்டுப் பத்து வருஷம் ஆச்சு. புதர் மண்டிப்போச்சு. ஒரு பூ கூட இல்லை." இதற்கு மண்ணையோ உரத்தையோ குற்றம் சொல்லிப் பயனில்லை. பெரும்பாலும் காரணம் கன்று எடுத்த இடத்திலேயே இருக்கிறது.

ஆண் தாழையும் பெண் தாழையும்

பனையில் ஆண் பனை, பெண் பனை என்று தனித்தனி மரங்கள் இருப்பதுபோல, தாழையிலும் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. மணமுள்ள தாழம்பூ என்று நாம் தலையில் வைப்பதும் பட்டுச் சேலைக்கு நடுவில் வைப்பதும் ஆண் மரத்தின் பூங்கொத்து. வெளிர்மஞ்சள் நிறத்தில் நீண்ட மடல்கள் அதை மூடியிருக்கும். மடலைப் பிரித்தால் உள்ளே மாவு போன்ற மகரந்தம் கொட்டும். பெண் மரத்தில் இந்த மணமடல் கிடையாது. அதில் அன்னாசி போன்ற உருண்டைக் காய் பிடித்து, பழுக்கும்போது ஆரஞ்சும் சிவப்புமாக மாறும். பார்வைக்கு அது அழகு; சந்தையில் அதற்கு விலை இல்லை.

பனையில் பெண் மரம்தான் நுங்கு தருகிறது. ஆண் பனையைக் கண்டால் பலருக்கும் சலிப்பு. தாழையில் கதை நேர் எதிர். காசு தருவது ஆண் மரமே.

சிக்கல் என்னவென்றால், பூக்கும் வரை இரண்டையும் பிரித்துச் சொல்ல வழி இல்லை. இலை, முள், விழுது, உயரம் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். கரையில் ஒதுங்கும் தாழம்பழத்தின் சுளையை எடுத்து வந்து புதைத்தால் முளைக்கும். அந்தச் சுளை நாராக இருப்பதால் நீரில் மிதக்கும். கடலில் வெகுதூரம் போய்க் கரையேறி முளைப்பதும் அதனால்தான். ஆனால் அப்படி முளைத்த செடி மெதுவாக வளரும். பல வருடம் காத்திருந்த பிறகுதான் அது ஆணா, பெண்ணா என்பது தெரியும். பூ வேண்டும் என்பவருக்கு இது சூதாட்டம் போன்றது.

ஒரு தாழையின் அடியிலோ தண்டின் பக்கத்திலோ கிளைக்கும் பக்கக் கன்று அப்படி அல்ல. தாய் ஆணென்றால் கன்றும் ஆண். தாய் பெண்ணென்றால் கன்றும் பெண். ஆகவே கண்ணெதிரே பூத்த ஆண் மரத்தில் இருந்து மட்டும் கன்று எடுக்க வேண்டும். தாழை சாகுபடியில் முதலும் முக்கியமுமான விஷயம் இதுதான். இதில் தவறினால் பிறகு எந்தப் பராமரிப்பாலும் சரிசெய்ய முடியாது.

வெறும் வேலிக்கும் காற்றுத் தடுப்புக்கும் நடுவதானால் ஆண், பெண் பார்க்க வேண்டியதில்லை. இரண்டின் முள்ளும் ஒன்றுதான்.

கன்று எடுக்கும் முறை

பூத்த மரத்தை அடையாளம் வைத்துக்கொள்வதில் இருந்து வேலை தொடங்குகிறது. மழை மாதங்களில்தான் தாழை அதிகம் பூக்கும். அப்போது வாசனை வந்த திசையில் போய்ப் பார்த்து, மடல் விட்டிருக்கும் தண்டு எது என்று நிச்சயப்படுத்த வேண்டும். தாழம்புதரில் பல மரங்கள் பின்னிக் கிடக்கும். பக்கத்தில் பெண் மரம் நின்றால் அதன் கன்றும் கலந்துவிடும். எனவே புதரின் ஓரத்தில் கிடைத்த கன்றை இழுத்துக்கொண்டு வருவது கூடாது. பூத்த தண்டோடு ஒட்டியிருக்கும் கன்றைத்தான் எடுக்க வேண்டும்.

ஒன்றரை அடி முதல் இரண்டடி உயரமுள்ள கன்று நடவுக்கு ஏற்றது. அடியில் விழுது முளைக்கத் தொடங்கி, கணுவில் வெண்மையான குமிழ்கள் தெரிந்தால் நல்லது. மண்ணில் சீக்கிரம் வேர் பிடிக்கும். கூரிய அரிவாளால் தாய்த் தண்டை ஒட்டி ஒரே வெட்டாக எடுக்க வேண்டும். முறித்து எடுத்தால் அடி நார்நாராகப் பிய்ந்து, அந்த இடத்தில் அழுகல் ஏறும். கீழ் இலைகளைக் கழித்துவிட்டு, மேல் இலைகளைப் பாதி நீளத்துக்கு நறுக்கிவிடலாம். வேர் இல்லாத கன்று இலை வழியே தண்ணீரை இழந்து துவளாமல் இருக்கும். நறுக்கும்போது நடுக்குருத்தைத் தொடக்கூடாது. வெட்டுவாய் காய இரண்டு நாள் நிழலில் சாய்த்து வைத்து, பிறகு நடலாம்.

கன்று கிடைக்காத இடத்தில் முற்றிய தண்டைத் துண்டு போட்டு நடுவதும் உண்டு. இரண்டும் பிழைக்கும் என்றாலும், சிறு விவசாயிக்கு விழுது கட்டிய பக்கக் கன்றே நம்பகமானது.

கடற்கரை மணல் மேட்டில் நிற்கும் தாழையைத் தோண்டிக் கன்று எடுப்பதை அறவே தவிர்க்க வேண்டும். அந்த மேட்டைப் பிடித்துக்கொண்டிருப்பதே அதன் வேர்தான். கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைகளின்படி மணல் மேடுகள் பாதுகாக்கப்பட்ட இடங்கள் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஆற்றங்கரை, வாய்க்கால் கரைகளில் நிற்பது பொதுச் சொத்து. உரிய துறையின் அனுமதி இல்லாமல் கை வைக்கக்கூடாது. தெரிந்தவர் கொல்லையில் பூத்த மரம் இருந்தால் அதுவே சிறந்த கன்றுப் பண்ணை. புதர் மண்டிக் கிடப்பவர் கன்றைக் கழித்துக் கொடுக்கத் தயங்கமாட்டார். அவருக்கும் வேலை மிச்சம்.

எத்தனை நடுவது?

இங்கேதான் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். தஞ்சை வட்டாரக் கணக்கில் ஒரு குழி என்பது 12 அடிக்கு 12 அடி, அதாவது 144 சதுர அடி. 100 குழி ஒரு மா. ஏறக்குறைய 33 சென்ட். ஒரு மா நிலம் சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 120 அடி வரும்.

அந்த நிலத்தில் கிழக்குப் பக்கம் மட்டும் ஐந்தடிக்கு ஒரு கன்று வீதம் வரிசையாக நட்டால் 25 கன்று போதும். கன்றுக்குச் செலவு குறைவுதான். ஆனால் தாழை நட்ட இடத்தில் நிற்கும் செடி அல்ல. தண்டு சாயும், சாய்ந்த இடத்தில் விழுது விட்டு ஊன்றிக்கொள்ளும், அங்கிருந்து மறுபடி கிளைக்கும். வளர்ந்த புதர் 10, 12 அடி அகலம் பிடிப்பது சாதாரணம். 120 அடி நீளத்துக்கு 12 அடி அகலம் என்றால் 1,440 சதுர அடி. சரியாக 10 குழி. ஒரு மா வைத்திருப்பவர் நிலத்தில் பத்தில் ஒரு பங்கு வேலிக்கே போய்விடுகிறது. நான்கு பக்கமும் நட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஆகவே ஒரு மா, இரண்டு மா வைத்திருப்பவர் கடல் பார்த்த கிழக்கு எல்லையில் மட்டும் தாழையை வைத்துக்கொள்வதே சரி. அதுவும், வேறு எதுவும் விளையாத மணல் பட்டை அங்கே கிடந்தால் மட்டுமே. நல்ல வண்டல் வயலில் 10 குழியைத் தாழைக்குக் கொடுப்பது வீண். வருடம் ஒரு முறை அரிவாள் பிடிக்க ஆள் இருந்தால் அகலத்தை ஆறு அடிக்குள் அடக்கலாம். அப்போது இழப்பு 5 குழியோடு நிற்கும்.

பக்கத்து நிலத்துக்காரரோடு சண்டை வராமல் இருக்க வேண்டுமானால் எல்லைக் கல்லில் இருந்து ஆறு அடியாவது உள்ளே தள்ளி நட வேண்டும். நெல் வயல்களுக்கு நடுவே உள்ள வரப்பில் தாழையை ஒருக்காலும் நடக்கூடாது. நிழல் கட்டும். எலிக்குக் கோட்டையாகும். அறுவடைக்கு வண்டி இறங்க வழி இருக்காது. நடைபாதை, கிணற்றடி, மாட்டுக் கொட்டகை, பிள்ளைகள் விளையாடும் இடம் ஆகியவற்றின் அருகிலும் வேண்டாம். குனிந்து நிமிரும்போது கண்ணில் படும் உயரத்தில்தான் இலை நுனி நிற்கும்.

வீட்டுத் தோட்டத்தில் அழகுக்காக ஒன்றே ஒன்று போதும் என்பவர், வெயில் விழும் மூலையில், வாசலில் இருந்து பார்த்தால் தெரியும்படி நடலாம். மூன்று வரிசையாகச் சுருள் படிக்கட்டுபோல ஏறிச் செல்லும் வாள் இலைகளும், கூடாரக் கால்போல ஊன்றி நிற்கும் விழுதுகளும் வேறு எந்தச் செடியிலும் காணக் கிடைக்காத தோற்றம். நாற்றுப் பண்ணைகளில் வெள்ளை அல்லது மஞ்சள் கோடு போட்ட அலங்காரத் தாழையும் கிடைக்கிறது. அது பார்வைக்கு மட்டுமே. அதில் தாழம்பூவை எதிர்பார்க்கக்கூடாது. சமையலுக்கு வாசனை இலை வேண்டும் என்றால், இலங்கைத் தமிழர் கறியில் போடும் ரம்பை இருக்கிறது. அதுவும் தாழை இனமே. முள் ஏறக்குறைய இல்லை, தொட்டியிலேயே வளரும். ஆனால் அதற்கு நிழலும் ஈரமும் வேண்டும். கடல் காற்றில் வைத்தால் தாங்காது.

நடவு

காரைக்கால் பகுதியில் மழையின் பெரும் பங்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவக் காற்றில்தான் கொட்டுகிறது. அந்த அடைமழைக்கு முன்பே கன்று வேர் பிடித்திருக்க வேண்டும். ஆடிக் கடைசியில் இருந்து புரட்டாசி முதல் பாதி வரை நடவுக்கு ஏற்ற காலம். இடையில் விழும் வெப்பச் சலன மழை வேர் பிடிக்க உதவும். ஐப்பசியில் நட்டால், களி கலந்த நிலத்தில் புதிதாக வெட்டிய அடி தண்ணீரில் ஊறி அழுகும். வெறும் மணலில் மட்டும் ஐப்பசித் தொடக்கத்திலும் நடலாம். தண்ணீர் உடனே வடிந்துவிடும்.

ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழத்தில் குழி எடுத்து ஒரு வாரம் காயவிட வேண்டும். மணல் நிலமானால் மக்கிய தொழு உரம் ஒரு கூடையும், குளத்து வண்டல் ஒரு கூடையும் மேல் மண்ணோடு கலந்து குழியை மூட வேண்டும். வண்டல் கலப்பது ஈரம் நிற்பதற்காக. களி நிலமானால் வண்டலுக்குப் பதில் மணல் கலந்து, குழியைச் சற்று மேடாக அமைக்க வேண்டும். கன்றின் அடி அரை அடி ஆழத்துக்கு மேல் போகவேண்டாம். காற்று வாங்கும் பக்கம் ஒரு மூங்கில் குச்சி ஊன்றிக் கட்டிவிட்டால் ஆட்டம் இராது. ஆடிக்கொண்டே இருக்கும் கன்று வேர் விடாது.

வேலிக்கு நடும்போது கன்றுக்குக் கன்று ஐந்தடி போதும் என்று பார்த்தோம். பூ எடுப்பதே நோக்கம் என்றால் பத்தடி இடைவெளி விட வேண்டும். ஆள் உள்ளே போய்ப் பூ அறுக்க முடியாத புதரில் எத்தனை பூ பூத்தும் என்ன?

முதல் கோடையில் மட்டும் வாரம் ஒரு முறை தண்ணீர் காட்ட வேண்டும். அதன் பிறகு தாழை யாரையும் எதிர்பார்க்காது. ரசாயன உரம் தேவையில்லை. வருடம் ஒரு முறை, மழை ஓய்ந்த தையில், அடிக்கு ஒரு கூடை சாணக் குப்பை வைத்தால் கன்று வேகமாகக் கிளம்பும்.

முதல் இரண்டு வருடம் ஆடுமாடு குருத்தை இழுக்காமல் முள் கொம்பு வெட்டிச் சுற்றிப் போட வேண்டும். அதே இரண்டு வருடத்தில் வேலிக்குள் முளைக்கும் சீமைக் கருவேலையும் பிடுங்கிவிட வேண்டும். தாழை பின்னிக்கொண்ட பிறகு உள்ளே வளரும் கருவேலை வெட்ட, மனிதக் கை போகாது.

பராமரிப்பும் பாம்புப் பயமும்

தாழம்பூவில் பூநாகம் இருக்கும் என்று ஊரில் சொல்லும் பேச்சு உண்டு. பூவுக்காகப் பாம்பு வருவதில்லை. காய்ந்த இலைகள் உதிராமல் தண்டைச் சுற்றிப் பாவாடைபோலத் தொங்குகின்றன. அதற்குள் எலி கூடு கட்டுகிறது. எலியைத் தேடிப் பாம்பு வருகிறது. அந்தக் காய்ந்த சருகு கோடையில் பீடித் துண்டு விழுந்தாலே பற்றிக்கொள்ளும். எனவே வருடம் ஒரு முறை, தை மாசியில், சருகைக் கழித்தே ஆகவேண்டும். பாம்புப் பயமும் தீப்பயமும் ஒரே வேலையில் தீரும்.

நீளமான துறட்டியால் முதலில் புதரைத் தட்டிச் சத்தம் எழுப்பிவிட்டு, அதன் பிறகு கழிக்கத் தொடங்க வேண்டும். முழங்கை வரை கனமான சாக்குத் துணி சுற்றிக்கொள்வது நல்லது. கண்ணுக்குக் கண்ணாடி அவசியம். இலையின் இரு ஓரத்திலும், அடிப்பக்க நடு நரம்பிலுமாக மூன்று வரிசை முள் இருக்கிறது. ஓர முட்கள் பெரும்பாலும் இலை நுனியை நோக்கிச் சாய்ந்திருக்கும். இலையை அடியில் பிடித்து நுனிப் பக்கமாகக் கையை ஓட்டினால் குத்தாது. நுனியைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தால் கையைக் கிழித்துவிடும். பழகிய ஆட்கள் முள் இருந்தும் வேகமாக வேலை செய்வதன் ரகசியம் இவ்வளவுதான்.

பூச்சித் தொல்லை குறைவு. ஆனால் தென்னந்தோப்பு அருகில் உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தென்னையைத் தாக்கும் காண்டாமிருக வண்டு தாழையின் குருத்தையும் குடையும். குருத்து இலை விசிறியில் கத்தரித்ததுபோல வெட்டுப்பட்டு விரிந்தால் வண்டு வந்துவிட்டது என்று அறியலாம். கொக்கிக் கம்பியால் வண்டைக் குத்தி எடுப்பதோடு, அருகில் உள்ள எருக்குழியையும் மக்கிய தென்னந்தூரையும் கிளறிப் புழுவைப் பொறுக்கி அழிக்க வேண்டும். தாழையைக் கவனிக்காமல் விட்டால் வண்டு அங்கிருந்து தென்னைக்குத் திரும்பும்.

பூவும் விற்பனையும்

ஆண் மரத்துப் பக்கக் கன்று நட்ட மூன்று, நான்கு வருடத்தில் பூக்கத் தொடங்கும். நன்கு வளர்ந்த மரம் வருடத்துக்கு 30 முதல் 40 பூ வரை தரும். மடல் லேசாக வாய் பிளக்கும் நாளில், பொழுது விடியும் முன் அறுக்க வேண்டும். வெயில் ஏறினால் மணம் காற்றோடு போய்விடும். அறுத்த பூவை ஈரத் துணியிலோ வாழை இலையிலோ சுற்றி அன்றைக்கே விற்றுவிடுவது நல்லது.

காரைக்கால் பகுதியில் பூ விற்பனை என்றவுடன் திருநள்ளாற்றுக் கூட்டம் நினைவுக்கு வரும். அதை நம்பித் தாழை நடவேண்டாம். பிரமனுக்காகப் பொய்ச் சாட்சி சொன்னதால் தாழம்பூவைச் சிவ பூசையில் சேர்ப்பதில்லை என்பது நீண்ட நாள் வழக்கம். உத்தரகோசமங்கை போன்ற இடம் விதிவிலக்கு. அம்மன் கோயில்கள், திருமண வீடுகள், பெண்களின் சடை அலங்காரம், பட்டுப் பெட்டி ஆகியவையே தாழம்பூவுக்கு வாடிக்கை. ஆடி வெள்ளியிலும் முகூர்த்த நாளிலும் பூக்கடைக்காரரிடம் முன்கூட்டியே பேசி வைத்தால் பூ தேங்காது.

தாழம்பூ எண்ணெய் எடுத்து லட்சம் சம்பாதிக்கலாம் என்று யாராவது சொன்னால், முதலில் எண்ணிக்கையைக் கேட்க வேண்டும். நாட்டிலேயே இந்தத் தொழில் வேரூன்றி இருப்பது ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்தில். அங்கே தாழைக்கு 'கேவடா' என்று பெயர். கிராமத்துக்குக் கிராமம் வயல் வேலியிலும் ஓடைக் கரையிலும் வளர்ந்த தாழையில் இருந்து பூவைச் சேகரித்து, அருகிலேயே உள்ள காய்ச்சும் சாலைகளில் செப்புக் கலத்தில் போட்டு வடிக்கிறார்கள். ஒரு கலத்துக்கு ஏறக்குறைய ஆயிரம் பூ வேண்டும். அதுவும் அன்று காலையில் அறுத்த பூ. நாம் கணக்கிட்ட 25 மரமும் ஆண் மரமாக இருந்து நன்றாகப் பூத்தாலும், வருடம் முழுவதற்கும் 750 முதல் 1,000 பூதான். ஒரு கலத்துக்கு ஒரு வருடம் காத்திருக்க முடியாது. ஊர் முழுவதும் சேர்ந்து நட்டால்தான் அந்தப் பேச்சை எடுக்கலாம். கஞ்சம் விவசாயிகளுக்கும் அது ஆபத்தில்லாத தொழில் அல்ல. 2013 அக்டோபர் 12 அன்று கோபால்பூர் அருகே கரை கடந்த 'பைலின்' புயல் அந்தக் கடலோரத் தாழைத் தோட்டங்களையும் விட்டுவைக்கவில்லை.

தாழையில் வேறு சில்லறைப் பயன்களும் உண்டு. விழுதின் நுனியைத் தட்டி நாராக்கினால் சுண்ணாம்பு அடிக்கும் மட்டை கிடைக்கும். முள் சீவி, வேகவைத்து, காயவைத்த இலையில் கேரளத்தில் பாய் முடைகிறார்கள். இங்கே கோரைப் பாய்க்குப் பழகிய கைகள் அதில் இறங்குமா என்பது சந்தேகமே.

சுனாமியும் தாழையும்

2004 டிசம்பர் 26 அன்று காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி முதலான கடலோரக் கிராமங்களில் நடந்ததை இங்கே விவரிக்கத் தேவையில்லை. உயிர்களோடு நிலமும் போயிற்று. வயலில் உப்பு ஏறியது. அதன் பின்னர் கடலோரம் நெடுகச் சவுக்கு நடப்பட்டது. சவுக்கு காற்றைத் தடுக்கும். ஆனால் வளர வளர அதன் அடிப்பகுதி வெறும் தண்டாக நிற்கும்; நீரும் மணலும் இடையே புகுந்து வரும்.

இலங்கைக் கரையோரத்திலும் தாய்லாந்திலும் சுனாமி தாக்கிய இடங்களைப் பார்வையிட்ட ஜப்பானிய, இலங்கை ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்ட ஆய்வில் தாழைக்குத் தனி இடம் கிடைத்தது. தாழையின் ஊன்று விழுதுகள் தரை மட்டத்திலேயே நெருக்கமாக நிற்பதால் நீரின் வேகத்தைக் குறைக்கின்றன என்றும், முன்னால் தாழையும் பின்னால் சவுக்கு போன்ற உயர மரமுமாக இரண்டு அடுக்கு இருந்தால் பலன் கூடும் என்றும் அவர்கள் கண்டார்கள். அலை மிக உயரமாக வந்தால் தாழையும் முறியும் என்பதும் அதே ஆய்வில் உண்டு. எனவே தாழை வேலி இருக்கிறது என்று யாரும் எச்சரிக்கை வந்த பிறகு வீட்டிலேயே தங்கிவிடக்கூடாது. இரண்டு வரிசைச் செடி ஓர் ஊரைக் காக்காது. அன்றாட உப்புக் காற்றையும் மணலையும், புயல் நாளில் வயலுக்குள் ஏறும் சிறு அலையையும் தடுப்பதே அதன் வேலை.

இன்னொரு கண்டுபிடிப்பு சிறு விவசாயிக்கு நேராகப் பயன்படும். மரப் பட்டைக்கு நடுவே கடலை நோக்கி நேராக ஒரு வழி திறந்திருந்தால், தண்ணீர் அந்த வழியில் குவிந்து, மற்ற இடத்தைவிட வேகமாகப் பாய்கிறது. கடற்கரைக்குப் போக வேலியில் வழி விடும்போது அதை நேராக விடாமல், சாய்வாகவோ வளைத்தோ விட வேண்டும். கிழக்கு வரிசையில் ஒரு இடத்தில் இரண்டு கன்றை விட்டு, அந்த இடைவெளிக்கு எதிரே ஆறடி உள்ளே தள்ளி மூன்று கன்றை நட்டால் போதும். ஆள் சுற்றிப் போகலாம். காற்றும் மணலும் நேராக நுழையாது.

ஏற்கனவே சவுக்கு வைத்திருப்பவர் அதை வெட்டவேண்டாம். சவுக்கின் கடல் பக்கத்தில், வெயில் விழும் தூரத்தில், தன் எல்லைக்குள் இடம் இருந்தால் தாழையை நடலாம். சவுக்கு நிழலுக்குள் நட்டால் தாழை நீண்டு மெலிந்து போகும், பூவும் குறையும். மண்ணின் உப்பு அளவு தெரியவேண்டும் என்றால் காரைக்கால் வேளாண் அறிவியல் நிலையத்திலோ, பண்டித ஜவாஹர்லால் நேரு வேளாண் கல்லூரியிலோ விசாரித்து மண் பரிசோதனை செய்துகொள்ளலாம்.

கன்று எடுக்க ஆடி வரை இருக்கிறது என்று அடையாளம் வைப்பதைத் தள்ளிப்போடக்கூடாது. பூ முடிந்த பிறகு ஆண் மரமும் பெண் மரமும் மறுபடி ஒன்றுபோலவே நிற்கும். மழைக்காலத்தில் மடல் கண்ட அன்றே தண்டில் ஏதாவது கட்டிவிட வேண்டும். துணியோ கயிறோ அடுத்த ஆடிக்குள் மக்கிப் போகும். பழைய தகரத் துண்டு கூட உப்புக் காற்றில் துருவாகிவிடும். கிழிந்த பிளாஸ்டிக் குடத்தில் இருந்து சிவப்பாக ஒரு நாடா வெட்டி, தண்டின் வளர்ச்சிக்கு இடம் விட்டுத் தளர்வாகக் கட்டினால் அடுத்த ஆடியிலும் தெரியும்.